ஹாப்கின்ஸுக்காக அழுவதை நிறுத்துங்கள்

ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பெரிய கவிஞன், இயேசு சபைக்குள் போனான், சபை அவனைக் கசக்கிப் பிழிந்துவிட்டது. 1868இல் தன் கவிதைகளைத் தானே எரித்ததையும், 1889இல் டப்ளினில் 44 வயதில் டைபாய்டில் இறந்ததையும் சேர்த்துவிட்டால் கண்ணீருக்குக் குறைவில்லை. சாமியாராக அந்த மனுஷன் தினமும் என்னதான் செய்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

1880, லிவர்பூல், புனித பிரான்சிஸ் சவேரியார் பங்கு. பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் ஏழைகளும் அவர்கள் பிள்ளைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காலையில் லத்தீன் பூசை. பகல் முழுக்க இடையிடையே ஜெபப் புத்தகம், அதுவும் லத்தீன். பிரசங்கம், பாவசங்கீர்த்தனத் தொட்டி. யாரோ சாகக் கிடக்கிறார் என்று ஆள் வந்தால் எண்ணெயை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். இதைப் பக்திப் படக் காட்சி என்று நினைக்க வேண்டாம். 1847இல் இதே ஊரில் டைபஸ் பரவியபோது, நோயாளிகளைப் பார்க்கப் போன பத்துக் குருக்கள் அதே காய்ச்சலில் செத்தார்கள்.

அப்படி அவர் பார்க்கப் போன ஒருவர் பீலிக்ஸ் ஸ்பென்சர். குதிரைக்கு லாடம் அடிப்பவர். 31 வயதில் காசநோய் கொண்டுபோயிற்று. ஒரு வாரத்தில் ‘பீலிக்ஸ் ரண்டல்’ எழுதப்பட்டது. மலைபோல் இருந்த உடம்பு உருக்குலைவதும், முதலில் சபித்தவன் பிறகு அடங்குவதும், அவன் கண்ணீர் சாமியாரையே தொட்டுவிடுவதும் அதில் இருக்கின்றன. அந்தக் கட்டில் பக்கம் போகாத ஹாப்கின்ஸுக்கு இந்தக் கவிதை எங்கிருந்து வரும்? ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்திலிருந்தா?

லிவர்பூல் கவிதைக்கு ஆகாத ஊர் என்று அவரே கடிதத்தில் புலம்பினார், ஒத்துக்கிறேன். ‘டாய்ச்லாண்ட்’ கப்பல் கவிதையைச் சபையின் பத்திரிகை போட மறுத்தது, அதையும் ஒத்துக்கிறேன். ஆனால் ஏழு வருஷ மௌனத்தை உடைத்து அதை எழுத வைத்ததும் சபை மேலாளர் ஒருவரின் வார்த்தைதானே?

கோபப்பட்டே ஆகணும்னா டப்ளின் மேல் கோபப்படுங்கள். 1884இல் அங்கே கிரேக்கப் பேராசிரியராகப் போனார். கட்டுக் கட்டாக விடைத்தாள்கள் வந்தன. அரை மதிப்பெண்ணுக்கெல்லாம் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டி, கண் வலிக்கத் திருத்தினார். அந்த மேசைக்கு அவரைத் தேடி எந்த லாடக்காரரும் ஆள் அனுப்பவில்லை.