பிடித்தும் பிடிக்காமலும்

பாடகர் சித் ஸ்ரீராமின் ‘சித்தார்த்’ இசைத்தொகுப்பில் மனம் ஒன்றாதவர்கள் சினிமாப் பாட்டுக்கு அப்பால் காதை வளர்த்துக்கொள்ளாதவர்கள் என்று சக சிற்றிதழ் ஒன்று தீர்ப்பெழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலில் நாங்களும் வருகிறோம். வெறுக்கவில்லை, கொண்டாடவும் இல்லை. இந்த நடுநிலைக்குத் தமிழ் விமர்சனத்தில் இடமே இல்லை என்பதுதான் எங்கள் எரிச்சல்.

2023 ஆகஸ்டில் வந்த தொகுப்பு அது. குரல் பெரிய குரல், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கட்டுரை எதைப் பேசுகிறது? சென்னையில் பிறந்தார், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வளர்ந்தார், தாயிடம் கர்நாடக சங்கீதம் கற்றார், பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தார், தொகுப்பை டெஃப் ஜாம் நிறுவனம் வெளியிட்டது, 2024இல் கோச்செல்லா இசை விழா மேடை ஏறினார். அத்தனையும் உண்மை. அத்தனையும் ஜாதகம். எந்தப் பாட்டின் எந்த இடத்தில் குரல் என்ன செய்கிறது என்பதற்கு ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. எழுதியவரின் வாழ்க்கையை வைத்துப் படைப்பைப் படிக்கக் கூடாது என்னும் ‘ஆசிரியனின் மரணம்’ பற்றி ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுத்தவர்கள், இசை என்று வந்ததும் ஆசிரியனின் பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறார்கள்.

எங்கள் காதுக்கு எட்டியதைச் சொல்கிறோம். குரலின் மேல் குரலாக அடுக்கி, மின்னொலியில் தோய்த்து எடுத்ததில், பாடுகிறவரின் மூச்சு எங்கோ பின்னுக்குப் போய்விட்டது. கமகம் வருகிறது, ஆனால் பாட்டு கேட்டதால் வரவில்லை, அலங்காரமாக வருகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையிலிருந்து கிளைத்த நியோ சோலை எடுத்துக்கொள்வோம். அது 90களில் இசை வணிகம் ஒட்டிய பெயர்தான். அந்தப் பெயருக்குக் கீழே நிஜமான சரக்கு இருந்தது. 2000 ஜனவரியில் வந்த, அமெரிக்கப் பாடகர் டி ஆஞ்சலோவின் ‘வூடூ’ தொகுப்பை இன்றைக்கும் போட்டுக் கேட்கலாம். நியூயார்க்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. குவெஸ்ட்லவ் வேண்டுமென்றே ஒரு மயிரிழை தாமதித்து டிரம்ஸ் வாசிக்கிறார். பினோ பல்லடினோவின் பேஸ் அந்தத் தள்ளாட்டத்தைத் தாங்கி நடக்கிறது. சொற்களைப் பாதி விழுங்கிக்கொண்டு குரல் பின்னால் வருகிறது. தாளம் எங்கே விழும் என்று உடம்பு ஏங்கும் அந்தக் கணத்தில்தான் பாட்டு இருக்கிறது. டி ஆஞ்சலோ பெந்தெகொஸ்தே போதகரின் மகன். ஆலயத்தில் பியானோ வாசித்து வளர்ந்தவர். இங்கே ஜாதகம் சொல்லக் காரணம், அந்த ஆலயம் பாட்டுக்குள்ளேயே கேட்கிறது. 2025 அக்டோபரில் 51 வயதில் அவர் இறந்தபோது தமிழ் இதழ்களில் எங்கள் கண்ணில் ஒரு அஞ்சலியும் படவில்லை.

இதே சித் ஸ்ரீராம் 2013இல் வந்த ‘கடல்’ படத்துக்காக ரஹ்மான் இசையில் ‘அடியே’ பாடினார். கடலோரக் கிறிஸ்தவ கிராமத்தின் கதை. கறுப்பினத் தேவாலயச் சேர்ந்திசையின் சாயலில் ஒரு காதல் பாட்டு. கதைக்கு அந்த இசை தேவைப்பட்டது, குரல் அதற்குள் முண்டி மேலே வந்தது. தமிழில் சோல் நிகழ்ந்தது அங்கேதான் என்பது எங்கள் கட்சி. அது சினிமாப் பாட்டு என்பதால் மட்டுமே நம் தீவிர விமர்சகர்கள் அதைப் பற்றி எழுதவில்லை.

சிக்கல் ஒரு தொகுப்போடு நிற்கவில்லை. தமிழில் இசை விமர்சனம் என்று அச்சாவதில் பெரும்பகுதி பாடல் வரிகளைப் பற்றியது, மிச்சம் கலைஞரின் வாழ்க்கையைப் பற்றியது. கவிதையில் உருவம், உள்ளடக்கம் என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு, நாகஸ்வரக் கலைஞர் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை மேதைமை என்று சொல்லத் தெரியும். அவர் ஒரு ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார், ஏன் நிற்கிறார் என்று எழுத வராது. வராததை மறைக்கத்தான் உச்சக்குரல் பாராட்டு.

எங்கள் ஊர் மரச்சிற்பப் பட்டறைகளில் சிலை முடிந்ததும் மூத்தவர் ஒருவர் வந்து பார்ப்பார். “வேல சுத்தமா இருக்கு. மொகத்துல களை வரல” என்பார். செதுக்கியவர் கோபித்துக்கொள்வதில்லை, உளியை எடுத்துக்கொண்டு எந்த இடம் என்று கேட்பார். அந்த அளவுக்குக்கூட நம் இதழ்களில் பேச முடியவில்லை.

‘சித்தார்த்’தை நேசிக்கிறவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம், அங்கே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். ஒரு வரி வெட்டாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.