பழம்பட்டை வயிரமும் பாட்டியின் தோடும்

முன்னொரு காலத்தில் என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார். திருகோணமலைத் துறைமுகத்திலே தொழில் பார்ப்பவர். அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அழைப்பிதழுக்கு வாசகம் எழுதுவிக்க வந்தார் போலும் என்று எண்ணி நான் தாளையும் எழுதுகோலையும் எடுத்தேன். அவரோ கைப்பேசியை எடுத்து ஒரு மோதிரத்தின் படத்தைக் காட்டினார்.

“ஐயா, பெண் கனடாவில் இருக்கிறா. பழைய முறையிற் பட்டை தீட்டிய வயிரம் பதித்த மோதிரந்தான் வேண்டுமென்று எழுதியிருக்கிறா. இங்கே கிடைக்குமா?” என்று கேட்டார்.

புணர்ச்சியில் ஐயம் கேட்டால் விடை சொல்லலாம்; வயிரத்தில் ஐயம் கேட்டால் நான் என் செய்வேன்! ஆயினும், அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. நூல்களைப் புரட்டினேன், அறிந்தோரை வினவினேன். கற்றதை வாசக அன்பர்முன் வைக்கின்றேன்.

இவ்வாசை அப்பெண் ஒருத்திக்கே உரியதன்று. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் அமெரிக்கப் பாடகி டெயிலர் சுவிப்ட் தமக்குத் திருமணம் நிச்சயமான செய்தியை வெளியிட்டார். அவர் விரலில் இருந்த மோதிரம் கின்ட்ரெட் லூபெக் என்னும் நகைக் கலைஞர் செய்தது. அதிற் பதிந்திருந்தது பழம்பட்டை வயிரம். அதன்பின் அவ்வகைக் கல்லைத் தேடுவோர் தொகை பெருகிற்று. புகழ்பெற்றோர் அணிவதைப் பிறரும் விரும்புதல் என்றுமுள்ள வழக்கம். அவ்விருப்பம் கடல் கடந்து நம் மத்திய வீதி வரைக்கும் வந்திருக்கின்றமையின் அதனை ஆராய்தல் தகும்.

பழம்பட்டை என்பது யாது? பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வேலைக்காரர் தம் கண்ணையும் கையையுமே நம்பித் தீட்டிய வயிரம் அது. முழு வட்டமாய் இராது. மூலை மழுங்கிய சதுரமாய் இருக்கும். மேற்பாகம் உயர்ந்தும், உச்சித் தட்டையான முகம் சிறுத்தும் காணப்படும். அடி முனை கூராக முடியாமற் சற்றே வெட்டுண்டிருத்தலால், மேலிருந்து நோக்குவார்க்கு நடுவில் ஒரு சிறு வளையம் தோன்றும். பட்டைகள் பெரியன. விளக்கொளியில் அவை பொடிப் பொடியாய் மின்னாது, அகன்ற சுடராய் அசைந்து ஒளிரும். மின்விளக்கு வராத காலத்துக்கு அது பொருத்தமான வேலைப்பாடே.

1919ஆம் ஆண்டில் மார்செல் தொல்கோவ்ஸ்கி என்பார், வட்ட வயிரம் மிகுதியாக ஒளிர்வதற்கு எக்கோணத்தில் எப்பட்டை அமைதல் வேண்டும் என்று கணித்து நூல் வெளியிட்டார். அக்கணக்கு உலகை ஆண்டது. பழைய கற்கள் குறையுடையன எனப்பட்டன. அவற்றிற் பல புதிய முறையில் மீளத் தீட்டப்பட்டன. அவ்வாறு தீட்டுந்தோறும் கல்லின் நிறை குறையும். அழிந்தவை போக எஞ்சியவை சில. எஞ்சியவை சிலவாயினமையால் இன்று அவற்றுக்கு மதிப்பு. முதலில் இகழ்ந்து அழித்துவிட்டுப் பின்னர் அருமை பேசுவது வணிக உலகின் இயல்பு.

வயிரம் நமக்குப் புதிய பொருளன்று. பதினெட்டாம் நூற்றாண்டிற் பிறேசில் நாட்டில் வயிரம் கண்டெடுக்கப்படும் வரை உலகுக்கு வயிரம் வழங்கிய பெருநிலம் பாரதமே. கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கமும் கோல்கொண்டாச் சந்தையும் அக்காலத்திற் புகழ் பெற்றவை. தென்னாபிரிக்க வயிரம் 1867க்குப் பின்னரே வந்தது. அங்குள்ள யாகர்ஸ்பொந்தைன் சுரங்கத்தின் பெயரையே நம்மவர் ‘புளூ ஜாகர்’ என்று மருவி வழங்கினர். இன்னும் முன்னே சென்றால், சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிவீதி காட்டப்படுகிறது. ஏகை, விந்து, களங்கம், காகபாதம் என வயிரத்தின் குற்றங்கள் நான்கினை இளங்கோவடிகள் ஆங்குப் பெயர் சொல்லி வைத்தார். இன்று உருப்பெருக்கிக் கண்ணாடியை இமையில் இடுக்கிக்கொண்டு வணிகர் தேடுவனவும் கீறலும் புள்ளியும் மாசுமே.

ஆனால், மணத்துக்கு வயிர மோதிரம் இன்றியமையாதது என்னும் எண்ணம் புதியது. நம் முன்னோர் தாம்பூலம் மாற்றி நிச்சயம் செய்தனர்; பதிவுத் திருமணத்தில் மோதிரம் மாற்றுதல் பிற்பட்ட வழக்கம். மேனாட்டாரிடத்தும் அவ்வெண்ணம் பொதுமக்கள் யாவரிடையேயும் பரவியது பெரும்பாலும் விளம்பரத்தால். 1888இல் தோன்றிய டி பியர்ஸ் நிறுவனத்துக்காக 1947இல் எழுதப்பட்ட ஒரு விளம்பர வாசகம், வயிரத்தையும் அழியாக் காதலையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டது. கம்பர் காட்டும் அனுமன் இலங்கையிற் சீதைக்குக் கொடுத்த கணையாழியோ விலையால் உயர்ந்ததன்று. யார் விரலிலிருந்து வந்தது என்பதால் உயர்ந்தது. இவ்வேறுபாட்டை அன்பர்கள் மனங்கொள்க.

இனிக் கடைக்குச் செல்வோம். மாணவரும் அவர் தாயாரும் நானுமாகப் போனோம். தாயார் ஒரு சிறு துணி முடிச்சைக் கொண்டு வந்திருந்தார். அதனுள் அவர் தம் தாயாரின் ஒற்றைக்கல் தோடு ஒரு சோடி. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்திற் குண்டு பொழிந்தபோது காதிற் கிடந்த தோடு அது. 1990இல் ஊர் விட்டு ஓடியபோது மடியில் முடிந்து கொண்டு போனது. 2004 டிசம்பர் 26இற் கடல் வந்த காலையில் வீட்டுப் பெட்டகம் போயிற்று. தோடோ அன்று அடைவில் இருந்தமையாற் பிழைத்தது. வறுமையும் ஒரு சமயம் காவலாகும் போலும்!

கடை முதலாளி தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பழைய பட்டை, அம்மா. இப்போது ஓடாது. கல்லுக்கு விலை போடமுடியாது, பொன்னுக்குத் தரலாம். விரும்பினால் அந்தக் காசோடு மேலும் கொஞ்சம் போட்டுப் புது மோதிரம் எடுங்கள்” என்றார். அடுத்த கணமே கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்து, “இதுதான் இன்றைய பாணி, பழம்பட்டை” என்று மாணவரிடம் நீட்டினார். வாங்கும்போது ஓடாத சரக்கு, விற்கும்போது இன்றைய பாணி! தாயார் ஒன்றும் பேசாமல் முடிச்சைக் கட்டினார்.

அம்முதலாளி ஒருவரைக் குறைகூறுவதன்று என் கருத்து. காலத்தின் நெருக்கடியைக் கூறுகின்றேன். 2022இல் நாடு கடன் இறுக்க இயலாது தத்தளித்த நாள் முதல் எத்தனை வீட்டுத் தோடுகள் அடைவுக்கும் விற்பனைக்கும் போயின! 2025 ஒக்டோபரில் ஓர் அவுன்சுப் பொன் உலகச் சந்தையில் 4000 டொலரைக் கடந்தது. பொன் விலை ஏறும்போது பழநகை விற்கும் ஆசையும் ஏறும். விற்பவர் பொன்னை நிறுக்கிறார், கல்லை மறக்கிறார். பொன்னை யாரும் நிறுத்து விலை கூறலாம். கல்லையோ அறிந்தவனே கூறல் வேண்டும். அறியாமைக்கும் அறிவுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு முழுவதும் ஏழை வீட்டிலிருந்தே போகிறது. நம் வீட்டில் இருக்கும்வரை ‘பழசு’, நம் கையை விட்டு நீங்கியபின் ‘தொன்மைப் பொருள்’. இதுவே நான் சொல்லவந்த செய்தி.

மற்றொரு பக்கமும் உண்டு. பாட்டியின் காதில் மின்னியதெல்லாம் வயிரம் என்று நம்புதலும் பேதைமை. நம் தீவில் நீலமும் மாணிக்கமும் கிடைக்கும். வயிரச் சுரங்கம் இல்லை. மாத்தறைப் பகுதியிலே கிடைத்த நிறமற்ற சிர்க்கோன் கற்களை ‘மாத்தறை வயிரம்’ என்று முற்காலத்தில் விற்றனர். அக்கல்லினூடே கண்ணாடி வைத்துப் பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்பு இரட்டையாய்த் தோன்றும். வயிரத்தில் ஒற்றையாகவே தோன்றும். மேலும், சிர்க்கோன் வயிரத்தினும் மென்மையானதாகையால் நாட்பட அதன் விளிம்பு தேயும்.

வாங்குவோர்க்குச் சிக்கல் இன்னும் பெரிது. 1954இல் அமெரிக்காவிலே ஆய்வுகூடத்தில் வயிரம் ஆக்கும் வழி கண்டனர். இன்று அது பெருந்தொழில். 2023இல் இந்தியப் பிரதமர் அமெரிக்க அதிபரின் துணைவியாருக்கு அளித்ததும் 7.5 கரட் ஆய்வுகூட வயிரமே. அதுவும் மெய்யான வயிரந்தான், போலியன்று. ஆனால், சுரங்கக் கல்லைவிட மிக மலிவு. கடைகளில் வெப்பத்தைக் கொண்டு சோதிக்கும் சிறு கருவி இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டாது. அன்றியும், நேற்று விளைந்த கல்லை இன்று பழைய பாணியிற் பட்டை தீட்டலாம். ஆகவே, பட்டை பழையது என்பதனால் கல் பழையது என்று கொள்ளுதல் தவறு.

எனவே, வாங்குபவர் மூன்று வினாக்களை வினவுக. கல் வயிரமா? சுரங்கத்ததா, ஆய்வுகூடத்ததா? பட்டை அன்று தீட்டியதா, இன்று தீட்டியதா? மூன்றுக்கும் விடையை எழுத்திலே பெறுக. விற்பவரும் அவ்வாறே, பின்புறம் பொன்னால் மூடிய பழங்கல்லைத் திறந்து பரிசோதிப்பிக்காமல் விலை பேசற்க. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை கல்லைப் பரிசோதித்துச் சான்று தருகிறது. கொழும்புக்குப் போய்வரும் செலவு அஞ்சத்தக்கதன்று. அறியாமையின் செலவே அஞ்சத்தக்கது.

மாணவர் தோட்டைக் கொழும்புக்குக் கொண்டு சென்றார். இயற்கை வயிரம், பழைய பட்டை என்று சான்று வந்தது. ஒரு கல்லை மோதிரத்துக்கும் மற்றதைத் தங்கைக்குமாக வைப்பதென்று வீட்டில் முடிவாயிற்று. சோடி பிரிந்தால் விலை குறையும் என்று ஒருவர் சொன்னாராம். “விற்கிறவருக்குத்தானே விலை!” என்று தாயார் மறுமொழி சொன்னாராம். படத்தைக் கண்ட மணப்பெண், கல்லின் நிறை எத்தனை கரட் என்று கேட்கவில்லை. அது யாருடைய தோடு என்று கேட்டாளாம்.

தமிழில் வயிரம் என்னும் சொல்லுக்கு மரத்தின் உள்ளுறுதி என்றும் பொருள் உண்டு. புயலடித்த ஊரிலே நிமிர்ந்து நிற்கும் மரத்துக்கு அவ்வுறுதி வெளியில் தெரிவதில்லை, உள்ளே இருக்கும். மணமக்கள் நீடு வாழ்க!