பொம்மைக் கார் கற்பித்த பாடம்

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர்)

"என்ன படிக்கிறாய் தம்பி?" என்று ஊரில் யாராவது கேட்டால், "பி.எஸ்சி. இயற்பியல்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது என் வழக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரை உலர்த்துகிறார். அம்மாவும் அதே களத்தில்தான் பருப்பெடுக்கிறார். அவர்கள் முகத்தில் என் படிப்பைப் பற்றிய பெருமையைக் காணும்போதெல்லாம் என் நெஞ்சு இன்னும் சற்று நிமிரும். அந்த நெஞ்சை ஒரு பொம்மைக் கார் குனிய வைத்துவிட்டது, நண்பர்களே!

சிவன்மலைத் தைப்பூசத் தேர்க்கடையில் அக்கா தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்த ரிமோட் கார் அது. ஒரு வாரம் ஓடியது. பிறகு ரிமோட்டைக் காருக்குப் பக்கத்திலேயே வைத்து அழுத்தினால்தான் நகரும் என்றாகிவிட்டது. ஆறு வயதுப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "ஏனுங் மாமா, நீங்க காலேசுல இதத்தான படிக்கறீங்க? சரி பண்ணிக் குடுங்க" என்றான்.

ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்குரிய வாய்பாட்டைத் தருவித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். சுருளும் மின்தேக்கியும் கொண்ட படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் ரிமோட்டின் திருகாணிகளைக் கழற்றித் திறந்தபோது, அந்தப் பச்சை அட்டையில் சுருள் எது, மின்தேக்கி எது என்று எனக்குத் தெரியவில்லை! பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையிலிருந்து பிறந்ததே இந்தக் கட்டுரை.

நம் ஆய்வகத்தில் பொருள்களைப் பிரித்துப் பார்க்க ஒரு மேசை வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு அந்தக் காரையே சாட்சியாக அழைக்கிறேன்.

பெட்டிக்குள் இருந்தது

தேர்க்கடைக் கார்களில் பல, 27 மெகா ஹெர்ட்ஸ் அலையில் இயங்குபவை. இதுவும் அப்படியே. ரிமோட்டில் ஒரு படிகம் அலையைப் பிறப்பிக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஒரு சிறு சில்லு அந்த அலையைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. முன்னால் போக இத்தனை துடிப்பு, பின்னால் வர இத்தனை துடிப்பு என்று கணக்கு. காரில் இருக்கும் சில்லு துடிப்புகளை எண்ணி மோட்டாரைச் சுழற்றுகிறது. பள்ளிக்கூட மணியை எண்ணி இது இடைவேளை, இது வீட்டு மணி என்று நாம் அறிந்துகொள்வதைப் போன்றதே இது.

பழுது மிக எளியது. காரின் ஆன்டெனாக் கம்பி, பற்றவைத்த இடத்தில் விட்டுப் போயிருந்தது. சூட்டுக்கோல் வைத்து ஒட்டினேன்; பதினைந்து அடி எட்டியது. ஆனால் அடுத்த வீட்டுப் பையனிடமும் அதே கடையில் வாங்கிய கார் இருந்தது. ஒருவன் பொத்தானை அழுத்தினால் இரண்டு காரும் ஓடின! மலிவான ஏற்பிக்குத் தன் எசமானனின் குரலையும் அடுத்தவன் குரலையும் பிரித்தறியத் தெரியாது. அந்த அலைவரிசையில் யார் பேசினாலும் அது கேட்கும்.

அலையின் நீளத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒளியின் வேகமாகிய நொடிக்கு முப்பது கோடி மீட்டரை 2.7 கோடியால் வகுத்தால் 11 மீட்டர் வருகிறது. கால் அலைநீள ஆன்டெனா வேண்டுமானால் இரண்டே முக்கால் மீட்டர் கம்பி வேண்டும். கையகலக் காரில் அதற்கு இடம் ஏது? அதுவே 2.4 கிகா ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், கால் பங்கு, சுண்டு விரலில் பாதி. வகுப்பில் பலமுறை எழுதிய சமன்பாடு, அன்றுதான் என்னிடம் பேசியது எனலாம்.

ஆயிரம் ரூபாய்

2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்கீழ் எனக்கு வந்த ஒரு மாதத்து ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு கோவைக்குப் பேருந்து ஏறினேன். 2.4 கிகா ஹெர்ட்ஸ் ரேடியோ அட்டைகள் மூன்று (ஒன்று உபரி), ஆர்டுயினோ பலகைகள் இரண்டு, மோட்டாரை இயக்கும் சில்லு, ஒரு ஜாய்ஸ்டிக் ஆகியவற்றை வாங்கினேன். திரும்பும்போது பையில் பேருந்துக் கட்டணமே மிச்சம்.

அப்பாவிடம் மறைக்கவில்லை. "படிக்கக் குடுத்த காசுல பொம்மை வாங்கறதா சாமி?" என்றார். கோபமில்லை அவர் குரலில், வருத்தந்தான் இருந்தது. வெயிலில் நாளெல்லாம் கொப்பரையைத் திருப்பிப் போட்டு வரும் மனிதர் கேட்கிறார். அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது, அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாளே ஓர் அட்டை கருகியது. அதற்கு வேண்டியது 3.3 வோல்ட், நான் கொடுத்தது 5 வோல்ட். இரண்டாம் அட்டை உயிரோடு இருந்தும், மோட்டார் சுழன்றதும் தொடர்பு அறுந்தது. மோட்டாரின் பிரஷ்ஷில் எழும் தீப்பொறியே ஒரு சிறு அலைபரப்பி என்பது ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. மோட்டாரின் முனைகளில் சிறு மின்தேக்கிகளையும், ரேடியோ அட்டையின் மின்முனைகளில் 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் பற்றவைத்தபின் அமைதி திரும்பியது. மின்தேக்கி என்றால் மின்னூட்டத்தைச் சேமிக்கும் கருவி என்று இரண்டு ஆண்டுகளாக எழுதி வந்தேன். அது சண்டையை விலக்கி வைக்கும் பெரிய மனிதரும் ஆகும் என்று அன்று அறிந்தேன்.

புதிய ரிமோட் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் ஒரு முகவரி உண்டு. செய்தி வழியில் சிதைந்ததா என்று சோதிக்கும் எண்ணும் உண்டு. ஆகவே கார் தன் ரிமோட்டுக்கு மட்டுமே கட்டுப்படும். முன்பு முழு வேகம் அல்லது நிறுத்தம் என்ற இரண்டே நிலை. இப்போது ஜாய்ஸ்டிக்கைத் தள்ளும் அளவுக்கேற்பக் கால் வேகம், அரை வேகம் என்று போகும். பதினைந்து அடி எட்டிய கார் அறுபது தப்படி எட்டியது.

கயிறு அறுந்தபோது

ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் வைத்து ஓட்டிக் காட்டினேன். அப்பா, அம்மா, அக்கா மகன், களத்து ஆட்கள் எல்லாரும் பார்த்திருந்தனர். அறுபது தப்படியைத் தாண்டியதும் கார் நிற்கவில்லை! கடைசியாகக் கேட்ட கட்டளை "முழு வேகம்" என்பது. அடுத்த கட்டளை எட்டாததால் அதையே பிடித்துக்கொண்டு ஓடியது. கொப்பரைக் குவியலில் ஏறி இறங்கி, நின்றிருந்த லாரியின் சக்கரத்தில் மோதி முன்னச்சு முறிந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் உடைந்த காரை எடுத்துப் பார்த்துவிட்டு, "கவுறு கையை உட்டுப் போனா, பழகுன மாடு நிக்கோணும். ஓடுச்சுன்னா அது பழக்குனவன் தப்பு" என்றார்.

காங்கேயம் காளைகளோடு இளமையைக் கழித்தவர் சொன்ன சொல் அது. பொறியியலில் அதற்கு ஒரு பெயர் உண்டு: ஃபெயில் சேஃப். தொடர்பு அறுந்தால் கருவி ஆபத்தில்லாத நிலைக்குத் தானே திரும்ப வேண்டும் என்பதே அதன் பொருள். வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலிவான பழைய ரிமோட்டில் இந்தக் குணம் இருந்தது. துடிப்பு நின்றால் கார் நின்றுவிடும். முன்னேற்றுகிறேன் என்று புறப்பட்ட நான்தான் அதைத் தொலைத்தேன்! அன்றிரவே நான்கு வரி சேர்த்தேன். அரை நொடி செய்தி வராவிட்டால் மோட்டார் நிற்கும்.

இது பொம்மைக்கு மட்டும் உரிய பாடமா? நம் பகுதியில் கைப்பேசியால் கிணற்று மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர்கள் வந்துவிட்டன. நள்ளிரவில் வரப்பில் நடந்து, பாம்புக்கும் பள்ளத்துக்கும் அஞ்சி மோட்டார் போடப் போனவர்களுக்கு அது பெரும் வரம். ஆயினும் கிணற்றில் நீர் வற்றிய நேரத்தில் அலைத்தொடர்பு இல்லையென்றால், தோட்டக்காரர் எங்கிருந்து எப்படி நிறுத்துவார்? நீரின்றி ஓடும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி மோட்டாரின் அருகிலேயே இருக்க வேண்டும். ஒருவர் மோட்டாரைப் பழுது பார்க்கும்போது மற்றொருவர் ஊரிலிருந்து பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? முதலில் பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்வதே காப்பு. இதையெல்லாம் எண்ணிப் பார்க்க எனக்கு ஒரு பொம்மைக் கார் முறிய வேண்டியிருந்தது.

உரக்கக் கத்தினால் போதுமா?

"இன்னும் தூரம் வேண்டுமானால் பெரிய ஆம்பிளிஃபயர் மாட்டு" என்று ஒரு நண்பர் யோசனை கூறினார். திறந்த வெளியில் அலையின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிராகக் குறைகிறது. தூரத்தை இரட்டிக்க ஆற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு. என் அட்டையின் ஆற்றலோ ஒரு மில்லிவாட் மட்டுமே. ஆற்றலைக் கூட்டாமல், செய்தியை மெதுவாக அனுப்பியும் ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்தும் என்னால் தூரத்தைக் கூட்ட முடிந்தது. உரக்கக் கத்துவதைவிடத் தெளிவாகப் பேசுவது மேல்.

மேலும் வானலை என்பது ஊர்ப் பொதுக் கிணறு. இந்தியாவில் 27 மெகா ஹெர்ட்ஸ் குடிமக்கள் அலைவரிசையை 5 வாட் வரம்புக்குள்ளும், 2.4 கிகா ஹெர்ட்ஸ் வரிசையை அதற்குரிய வரம்புக்குள்ளும் உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005 ஆம் ஆண்டு விதிகள் இடம் தந்தன. வைஃபையும் புளூடூத்தும் அதே 2.4 வரிசையில்தான் குடியிருக்கின்றன. ஒருவன் வரம்பு மீறி இறைத்தால் மற்றவர் குடம் காலியாகும்.

மூத்தோர் காட்டிய வழி

1895 இல் கல்கத்தாவில் மின்காந்த அலையால் தொலைவிலிருந்து மணியை ஒலிக்கச் செய்து காட்டிய ஜகதீச சந்திர போஸ், ஓர் அரசுக் கல்லூரியின் பேராசிரியர். வசதியற்ற ஒரு சிறிய அறையில், ஒரு தகரத் தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கருவிகளை உருவாக்கியவர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1898 இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா நீர்த்தொட்டியில் சிறு படகொன்றைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். அக்கா மகனின் காருக்கு அதுவே பாட்டன்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கொங்கு மண்ணின் ஜி.டி. நாயுடு, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டித்தானே இயந்திரம் கற்றார்? வானூர்திப் பொம்மைகளில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழு, 2018 இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. எட்டாத இடத்திலிருந்து இரத்த மாதிரியை எடுத்து வருவதே அந்தப் போட்டியின் பணி. விளையாட்டு எங்கே முடிந்தது, அறிவியல் எங்கே தொடங்கியது என்று யாரால் கோடு கிழிக்க முடியும்?

என் வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களுக்குப் பணிவோடு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, வாரத்தில் ஒரு பிற்பகல், ஆய்வகத்தில் ஒரு மேசை. அதன்மேல் ஊரில் கெட்டுப்போன ரேடியோக்களும், பொம்மைகளும், மிக்ஸிகளும் இருக்கட்டும். "கருவி கெட்டுவிட்டால் யார் பொறுப்பு?" என்ற அச்சம் நியாயமானது. ஏற்கெனவே கெட்டதில் தொடங்கினால் அந்தக் கேள்வியே எழாது.

இரண்டாவது, செய்முறைக் குறிப்பேட்டில் ஒரு பக்கம், "எனது பிழைகள்" என்ற தலைப்பில். விடை சரியாக வந்தவனுக்கு மதிப்பெண் உண்டு. ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்தவனுக்கும் சில மதிப்பெண் தரலாகாதா?

மூன்றாவது, ஓர் அமெச்சூர் ரேடியோ மன்றம். பன்னிரண்டு வயது நிரம்பியவர்களே மைய அரசின் தேர்வெழுதி இதற்குத் தகுதி பெறலாம். நம் மாணவர்க்கு அது இயலாததா?

பாடத்திட்டம் பெரிது, பருவம் குறுகியது என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் எங்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். சந்தேகம் கேட்க எங்களுக்கு அண்ணனும் இல்லை, பிரித்துப் பார்க்கப் பொருளும் இல்லை. எங்களுக்குக் கல்லூரியில் கிடைக்காதது வேறெங்கும் கிடைக்காது.

முன்னச்சை அப்பாவே ஒரு சைக்கிள் கம்பியை அறுத்துச் செய்து கொடுத்தார். காரைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டேன். கயிறு அறுந்தால் இப்போது அது நிற்கிறது. படிப்புக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாய் படிப்புக்கே செலவாயிற்று என்பது அப்பாவுக்கு என் பதில். மேசை கிடைக்கும் நாளில், முதல் பொருளாக அந்தக் கருகிய ரேடியோ அட்டையை நானே கொண்டுவந்து வைப்பேன்.