அபூர்வம் என்னும் பாசாங்கு

‘திக்கற்ற பார்வதி’ அபூர்வமான படமாம். பழைய படங்கள் சேகரிக்கும் திருவண்ணாமலை அன்பர் ஒருவர் சொன்னார். அவரிடம் ஒரு பிரதி இருக்கிறது. படம் எப்படி என்று கேட்டேன். “இன்னும் பார்க்கலை சார், கிடைச்சதே பெரிசு” என்றார்.

இதைத் தனிமனிதக் கோளாறு என்று விட்டுவிட முடியாது. நமது விமர்சனமும் இதையேதான் செய்கிறது.

ராஜாஜியின் சிறுகதையை 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் படமாக்கினார். லக்ஷ்மி பார்வதி, ஸ்ரீகாந்த் கருப்பன். குடியும் கடனும் ஒரு கிராமத்துக் குடும்பத்தைத் தின்று தீர்ப்பதுதான் கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. நம் கடமை அதோடு முடிந்தது. மதுவிலக்குப் பிரசாரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதும் சுலபம். கதாசிரியர் 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். 1971இல் தளர்ந்த மதுவிலக்கு மறுபடி அமலான வருஷம் 1974. சரி. ஆனால் பிரசாரம் எங்கே நிற்கிறது, கலை எங்கே தொடங்குகிறது என்று படம் பார்த்தவன்தான் கேட்க முடியும். பார்க்காதவனுக்கு மிஞ்சுவது தேதியும் விருதும் நடிகர் பெயரும்.

ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) கதி இன்னும் மோசம். அதன் பிரதியே இல்லை என்கிறார்கள். அதனாலேயே அது மகத்தான படமாகிவிட்டது. இல்லாத படத்தில் யார் குறை காண்பது?

பாங்கு லாக்கரில் தூங்கும் நகை தேய்வதில்லை. ஃபிலிம் அப்படியல்ல. டப்பாவுக்குள்ளேயே புளித்து, வினிகர் நாற்றமடித்து, சுருங்கிப்போகும். கறுப்பு வெள்ளைப் பிரதிகளை வெள்ளிக்காகக் கரைத்து விற்றதும் நாம்தான். புனேயில் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இலேயே வந்துவிட்டது. நமக்கு அக்கறைதான் வரவில்லை. நம் அலட்சியத்துக்கு வைத்த மரியாதையான பெயர் ‘அபூர்வம்’.

கீழ்பென்னாத்தூரில் என் கவுண்டருக்கு எதிரே நகைக்கடனுக்குப் பெண்கள் நிற்கிறார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியவர்களிடம் காரணம் கேட்பதில்லை. 2003 முதல் சாராயக் கடையை அரசாங்கமே நடத்துகிறது. படம்தான் அபூர்வம், பார்வதி அபூர்வமானவள் அல்ல.

அன்பர் அந்தப் பிரதியை ஒரு வெள்ளைச் சுவரில் ஓட்டிக் காட்டட்டும். இருபது பேர் பார்க்கட்டும். அதில் பத்துப் பேர் படம் மோசம் என்று சண்டை போடட்டும். ஒரு கலைப்படைப்புக்குக் குறைந்தபட்ச மரியாதை அதுதான்.