பிரயாணம் நமக்கு, புள்ளி அவருக்கு!

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் விடியற்காலையில் நின்று பாருங்கள். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்திலிருந்து கல்வராயன் மலை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து இறங்குகிறார்கள். சமவெளிக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஒரு கூட்டம், கேரளத்துக்கு ஒரு கூட்டம், திருப்பூருக்கு ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மேஸ்திரி. அவர் கையில் ஒரு போன். இருபது பேரின் சீட்டும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது.

சீட்டுக்குப் போட்ட காசு யாருடையது? மேஸ்திரியின் மடிக்காசா? இல்லை. அது இருபது பேரின் முன்பணக் கணக்கிலும் ஏறிவிட்டது. நாளைக்குக் கூலியில் பிடிக்கப்படும். ஆனால் இருபது சீட்டையும் ஒரே அட்டையில் வாங்கியதற்காக டிக்கெட் கம்பெனி தருகிற தள்ளுபடியும், பாங்கி தருகிற "புள்ளி"யும் மேஸ்திரியின் கணக்கில் போய் விழுகின்றன. உட்கார்ந்து இடுப்பு ஒடிந்து பிரயாணம் செய்கிறவர் ஒருவர். அந்தப் பிரயாணத்தின் பேரால் சம்பாதிக்கிறவர் வேறொருவர்!

"அட, பத்து இருபது ரூபாய் சமாசாரம், இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கக்கூடும். காசு அற்பம்தான். ஆனால் அதன் பின்னால் நிற்கிற ஏற்பாடு அற்பமானதல்ல, தோழர்களே!

இந்தப் புள்ளி வியாபாரம் ஆகாய விமானக் கம்பெனிகள் பெருக்கிவிட்ட சரக்கு. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற கம்பெனி ஒரு திட்டம் போட்டது. எங்கள் விமானத்திலேயே பறந்து வாருங்கள், பறந்த மைல்களைக் கணக்கு வைப்போம், மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட் தருவோம் என்றது. மற்றக் கம்பெனிகளும் பின்னாலேயே ஓடி வந்தன. 1990-களில் நமது ஏர் இந்தியாவும் அந்த வழியில் இறங்கியது.

இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். அடிக்கடி பறக்கிறவர் யார்? கம்பெனி மானேஜர், சர்க்கார் பெரிய உத்தியோகஸ்தர், சட்டசபை, பார்லிமெண்ட் பிரமுகர். டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பது கம்பெனி அல்லது பொதுக் கஜானா. மைல் சேருவதோ அவர் சொந்தப் பெயரில்! ஆகவே எந்த விமானம் மலிவு என்று அவர் ஏன் பார்க்கப் போகிறார்? எதில் மைல் அதிகம் என்றுதான் பார்ப்பார். பிறர் பணத்தில் சாமான் வாங்குகிறவனுக்கு வியாபாரி ரகசியமாகக் கொடுக்கிற கமிஷனுக்கு நம் ஊரில் என்ன பெயர் சொல்கிறோமோ, அதே பெயரை இதற்கும் சொல்லலாம்.

பறக்காதவரும் சம்பாதிக்க வழி உண்டு. மைல் பறந்தவர் பெயருக்குத்தான் ஏறும். ஆனால் பத்துப் பேருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தவரின் கடன் அட்டையில் பாங்கிப் புள்ளி ஏறும். ஆபீஸ் வேலையாகப் போகிறவர்களுக்கெல்லாம் "நானே போட்டுத் தருகிறேன்" என்று சிலர் முந்திக்கொண்டு வருவது பரோபகாரத்தால் மட்டுமல்ல!

யாருக்கும் நஷ்டமில்லையே என்று வாதாடுகிறார்கள். சுத்தப் புரட்டு! விமானக் கம்பெனிகள் இந்த மைல்களைப் பாங்கிகளுக்கு விலைக்கு விற்கின்றன. அட்டையில் பணம் வாங்கும் கடைக்காரரிடம் பாங்கி கட்டணம் பிடிக்கிறது. கடைக்காரர் அதைச் சரக்கின் விலையில் சேர்க்கிறார். ரொக்கம் கொடுத்துப் பருப்பும் எண்ணெயும் வாங்குகிற ஆலைத் தொழிலாளியும் அந்த விலையைத்தான் கொடுக்கிறார். அவருக்குப் புள்ளி கிடையாது. 2020-ல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்காவின் யுனைடெட் கம்பெனி தன் மைல் திட்டத்தையே அடமானம் வைத்துக் கடன் திரட்டியது. அந்தத் திட்டத்துக்குப் போட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர்! கம்பெனிப் பங்குகளின் அன்றைய சந்தை மதிப்பையே அது மிஞ்சி நின்றது. காற்றிலிருந்தா வந்தது இந்தச் சொத்து?

நமது மத்திய நிதி அமைச்சகத்துக்கே இது தெரியும். சர்க்கார் வேலையாகப் பறந்து சேர்த்த மைல்களை அந்த இலாகாவின் வேறு சர்க்கார்ப் பிரயாணங்களுக்கே பயன்படுத்த வேண்டும், சொந்தப் பிரயாணத்துக்கு எடுத்தால் இலாகா நடவடிக்கை வரும் என்று 2017 ஜூலை 13 தேதியிட்ட உத்தரவில் எழுதியிருக்கிறது. சரியான உத்தரவு; நாம் வரவேற்கிறோம். அமெரிக்க சர்க்காரோ 2001 இறுதியில் சட்டம் போட்டு, மைல்களை உத்தியோகஸ்தர்களே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டது!

நம் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 2002-ல் மைல் ஊழல் வெடித்தபோது மாட்டிக்கொண்டவர்களில் இடதுசாரித் தலைவர் கிரிகோர் கீசியும் ஒருவர். பார்லிமெண்ட் வேலையாகப் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தப் பிரயாணத்துக்கு எடுத்திருந்தார். அந்த ஜூலை 31-ல் பெர்லின் மாநில மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். சின்ன விஷயம் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. நம் சங்கங்களிலும் மாநாட்டுக்குப் போகும் தோழர்களுக்கு ஒருவர் தன் அட்டையில் டிக்கெட் போடுகிறார்; பணத்தைச் சங்க நிதியிலிருந்து வாங்கிக்கொள்கிறார். புள்ளி எங்கே போகிறது என்று நாம் கேட்டதுண்டா? அதுவும் சங்க வரவு-செலவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஊரார் கணக்கைக் கேட்கிறவன் தன் கணக்கை முதலில் விரித்து வைக்க வேண்டாமா?

இப்போது மேஸ்திரிக்கு வருவோம். அவருடைய உண்மையான "மைல்" அட்டைப் புள்ளியல்ல. தலைக்கு இவ்வளவு என்று முதலாளி கொடுக்கும் கமிஷன்தான். இது நமக்குப் புதிதா? நம் பாட்டன் பூட்டன்களை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஓட்டிச் சென்ற கங்காணிக்குக் கிடைத்தது என்ன? தலைக்காசு! அவன் கூட்டத்தில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் காசு. காய்ச்சலில் படுத்தவரையும் அவன் ஏன் உதைத்து எழுப்பினான் என்று இப்போது புரிகிறதல்லவா? வழிச்செலவோ தொழிலாளியின் கடன். அந்தக் கடனை "துண்டு" என்ற சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளை மாற்றினார்கள். துண்டு முறையை ஒழிக்கவே 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1976 வரை ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லாமல் வெட்டிவேலை செய்த கல்வராயன் மலை மக்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. தலைக்கணக்கில் ஆள் பிடிக்கும் தரகு எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டு ஏழைகள். 2018 பிப்ரவரியில் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன. கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதியைச் சேர்ந்தவர்கள். செம்மரத்துக்கு ஆள் அனுப்பும் தரகன் எவனும் அந்தக் காட்டில் விழவில்லை, அந்த ஏரியில் மிதக்கவில்லை.

மேஸ்திரிகள் எல்லோரும் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலும் நம் ஊர்க்காரர். மாமன், மச்சான் முறை. நேற்று வரை நம்மோடு கரும்பு வெட்டியவராகவும் இருப்பார். அவரை நம்மிடமிருந்து பிரித்து முதலாளியின் ஆளாக்குவதற்குத்தானே இந்தத் தலைக்கமிஷன்!

வெளிமாநிலத்துக்கு ஒப்பந்தக்காரர் அழைத்துச் செல்லும் தொழிலாளிக்குப் போகவர வழிச்செலவு கொடுக்க வேண்டும், பிரயாண நாட்களுக்கும் கூலி உண்டு, மாதக் கூலியில் பாதிக்குக் குறையாத இடப்பெயர்ச்சிப் படியும் உண்டு, அதைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது என்று 1979-ன் சட்டம் சொன்னது. எத்தனை பேர் கண்ணால் கண்டார்கள்? 2025 நவம்பர் 21 முதல் அமுலாகிவிட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த இடப்பெயர்ச்சிப் படியையே காணோம். போகவர வழிச்செலவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையாவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலாளி தர வேண்டிய பஸ் காசை நம் முன்பணத்தில் கடனாக எழுதுவது பகல் கொள்ளை!

ஆகவே குடகுக்கும் கேரளத்துக்கும் புறப்படும் தோழர்கள் பஸ் ஏறும் முன்பே கேட்க வேண்டும். சீட்டு என்ன விலை? தள்ளுபடி போக எவ்வளவு கட்டியது? கணக்கில் எவ்வளவு எழுதியிருக்கிறது? தலைக்கு முதலாளி கொடுத்தது எவ்வளவு? போனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒருவராகக் கேட்டால் "நீ வராதே" என்பார். இருபது பேரும் சேர்ந்து கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும், இருபது பேரை விட்டுவிட்டு அவர் மட்டும் போய்க் காப்பி பறிக்க முடியாது. அப்படியும் மறுத்தால், பெயர்களையும் தொகைகளையும் ஒரு தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். தொழிலாளர் அதிகாரியிடம் மனுவாக எடுத்துப் போகிறோம்.