'கியர்பாக்ஸ் போச்சு சார்!' - பழைய ஆட்டோமேட்டிக் காருக்குச் செலவு செய்யும் முன் இதைப் பாருங்கள்

சிக்னலில் பச்சை விழுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது. கார் நகர மறுக்கிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், காரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் 'கியர்பாக்ஸ் போச்சு சார்' என்கிறார்கள். பத்து வயதைத் தாண்டிய கார் என்றால், கியர்பாக்ஸ் மாற்றும் செலவு சில நேரம் அதன் ரீசேல் விலையையே நெருங்கிவிடும். தலையாட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

உங்கள் கார் எந்த வகை?

2014-ல் செலெரியோ மூலம் நம் ஊருக்கு வந்தது ஏ.எம்.டி. இதன் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் இயக்குவது ஆக்சுவேட்டர். எனவே, மேட்டில் ஏறத் திணறினாலோ, குலுங்கினாலோ முதல் சந்தேகம் கிளட்ச் மீது வரட்டும். கிளட்ச் மாற்றினால், ஸ்கேனர் வைத்து காலிப்ரேஷன் செய்தார்களா என்று கேளுங்கள். அதைச் செய்யாவிட்டால் குலுக்கல் தொடரலாம்.

டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி வகைகளுக்கு ஆயில்தான் உயிர். கருத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே சூடும் தேய்மானமும் அதிகம் என்று அர்த்தம். அளவு குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சி.வி.டி-க்கு அதற்கென உள்ள ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும்.

சத்தத்தைக் கவனியுங்கள்

* ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டக் டக்': சி.வி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கலாம்.
* கியர் போட்டதும் 'தொம்': இன்ஜின் மவுன்ட் தளர்ந்திருக்கலாம்.
* திடீரென ஒரே கியரில் சிக்கிக்கொண்டால்: பேட்டரி வோல்டேஜ், சென்சார், ஒயரிங் மூன்றையும் முதலில் சோதிக்க வேண்டும்.

இவையெல்லாம் கியர்பாக்ஸைப் பிரிக்காமலேயே பார்க்கக்கூடியவை.

ஸ்கேனர் சொல்வது என்ன?

'பி0700' என்ற கோடைக் காட்டிப் பயமுறுத்தினால் பதறாதீர்கள். கியர்பாக்ஸ் கன்ட்ரோலரில் வேறு ஒரு கோடு பதிவாகியிருக்கிறது என்பதைச் சொல்லும் அழைப்பு மணி மட்டுமே அது. எந்தப் பகுதியில் கோளாறு என்பதற்கான துப்பு அந்த இன்னொரு கோடில்தான் கிடைக்கும். அதையும் படித்து, எழுதித் தரச் சொல்லுங்கள்.

இழுத்துச் செல்லாதீர்கள்

வழியில் நின்றுவிட்டால், கயிறு கட்டி இழுக்க வேண்டாம். டார்க் கன்வெர்ட்டர் கார்களில் பொதுவாக இன்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்ப் ஓடும். சக்கரம் மட்டும் சுற்றினால், ஆயில் இல்லாமல் உள்பாகங்கள் உரசும். சிறிய கோளாறு பெரிய செலவாக மாறுவது இப்படித்தான். நான்கு சக்கரங்களும் தரையில் படாத ஃபிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு, ஆயிலில் உலோகத் துகள்கள் மினுமினுத்தால் கியர்பாக்ஸைப் பிரிப்பது தவிர்க்க முடியாததாகிவிடும். அப்போதும் எழுத்துபூர்வமான எஸ்டிமேட்டை இரண்டு இடங்களில் வாங்குங்கள். காரின் ரீசேல் விலையையும் விசாரியுங்கள். அதன் பிறகு, சரிசெய்வதா விற்பதா என்று வீட்டில் கலந்து பேசி முடிவெடுங்கள்.