விலை போகாத படம்

போன வாரம் என் மறைந்த நண்பரின் மகன் சட்டம் போட்ட படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பெரியப்பா, அப்பா வரைஞ்சது. வீடு மாத்துறோம். பிரேம் கடைக்காரர் சட்டத்துக்கு மட்டும் ஏதோ தர்றேங்கிறார். இதுக்கு மதிப்பு ஏதும் இருக்கா?"

நண்பர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. கெட்டித் தாளில் போஸ்டர் கலர். மூன்று வட்டங்கள், குறுக்கே ஒரு கறுப்பு முக்கோணம். காம்பஸ் முள் குத்திய புள்ளிகூடத் தெரிகிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. சந்தை வாங்குவது பெயரை. ராசாவின் 'பிந்து' வட்டம் கோடிகளில் போகும். குமாஸ்தாவின் வட்டம் போகாது. ஆனால் விலை இல்லாததை எல்லாம் "உபயோகமற்றது" என்று கழித்துவிடுவதா? இருப்புப் பதிவேட்டில் நானும் அப்படி எத்தனையோ நாற்காலிகளைக் கழித்தவன்தான். இது நாற்காலி இல்லை.

"ஸ்கேல் வைத்துக் கோடு போட யாராலும் முடியும்" என்பவர்களே, போட்டுப் பாருங்கள். அந்த முக்கோணத்தை ஒரு விரற்கடை நகர்த்தினால் படமே சாய்ந்துவிடும். நண்பர் அதைப் பென்சிலில் நான்கு இடம் மாற்றிப் பார்த்திருக்கிறார். அழித்த தடம் இருக்கிறது. மதிப்பிடுவது என்றால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். நான் படித்த பிரெஞ்சில் 'அமத்தேர்' என்ற சொல் 'நேசிப்பவர்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'அரைகுறை' என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

இன்னொரு கோபமும் உண்டு. வீட்டில் யாரோ அக்கறையாக ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் நீலம் துணியோடு போய்விட்டது. போஸ்டர் கலர் தண்ணீரில் கரையும், ஐயா! "லேமினேட் பண்ணிடலாம், அழியாது" என்றும் ஒருவர் யோசனை சொன்னாராம். ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கண்ணாடி வண்ணத்தில் படாமல் நடுவில் அட்டை விளிம்பு வையுங்கள். நம் புதுவைக் கடற்காற்று ஈரத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சுவர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும். கண்ணாடியைத் துடைக்கும்போது துணியில் தெளித்துத் துடையுங்கள், கண்ணாடிமேல் தெளிக்காதீர்கள்.

கடைசியாக, பின்னட்டையில் பெயர், ஆண்டு, மேல்பக்கம் எது என்று பென்சிலால் எழுதுங்கள். மோந்திரியான் 1941இல் வண்ண நாடாக்களை ஒட்டிச் செய்த ஒரு படம் பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்கியிருக்கக்கூடும் என்று 2022இல் ஜெர்மனி அருங்காட்சியகம் ஒன்று சொன்னது. நாடா உதிர்ந்துவிடும் என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். உலகப் புகழ் பெற்றவருக்கே அந்தக் கதி.

"அப்பா எந்தப் பக்கம் மேலே வச்சு மாட்டியிருந்தார்?" என்று பையனைக் கேட்டேன். சட்டென்று காட்டினான். அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். விலையைப் பற்றி அவன் அப்புறம் பேசவில்லை.